தனியாகச் சுற்றிய பெட்டி

இன்று கடையில் பணம் கட்டும் இடத்தில் பொருள்களை நகர்த்தும் ரப்பர் பட்டை சூடேறி நின்றுவிட, அந்த மணம் என்னைப் பெர்லினில் இப்போது மூடிக்கிடக்கும் டேகல் விமான நிலையத்துக்குக் கொண்டுபோனது. அங்கே ஒவ்வொரு விமான வாசலுக்கும் தனியாகச் பெட்டிகள் சுற்றிவரும் சின்னதொரு பட்டை இருந்தது. ஆட்களைக் கூட்டிப்போக வந்த நாங்கள் கண்ணாடிக்கு இந்தப்புறம் தேநீர்ப் போத்தலும் இடியப்பமுமாக நின்றபடி, முதலில் பெட்டியைத்தான் தேடுவோம், ஏனென்றால் ஊரிலிருந்து வரும் எங்கள் ஆட்களின் பெட்டிக் கைப்பிடியில் எப்போதும் ஒரு சேலைக் கிழிசல் கட்டியிருக்கும்.

அம்மாவின் தங்கை வந்த நாளில் மஞ்சள் கிழிசல் கட்டிய பெட்டி வந்தது. சித்தியைக் காணவில்லை. மற்றவர்கள் எல்லோரும் போன பிறகும் பெட்டி மட்டும் மெல்லிய கிறீச்சொலியோடு சுற்றிக்கொண்டே இருந்தது.

"பாஸ்போர்ட் பாக்கினம் போல. பொறும், வருவா," என்றார் அப்பா.

"திருப்பி அனுப்பிப்போட்டாங்கள் எண்டால்?" என்றார் அம்மா.

"உம்மட வாயில நல்லதே வராதோ?"

பட்டை நின்றது. ஓர் ஊழியர் பெட்டியை இறக்கி ஓரமாக வைத்தார். பேக்கரியில்கூட விரலால் காட்டியே பாண் வாங்கும் அம்மா, போய்க் கண்ணாடியில் தட்டினார். கதவைத் திறந்த காவலரிடம், உள்ளே நிற்பது தன் தங்கை, அவளுக்கு இந்தப் பாஷை தெரியாது, தான் வந்து பேசலாமா என்று, நாங்கள் டொச் என்று சொல்லும் ஜெர்மன் மொழியில் கேட்டார். காவலர் அவரை உள்ளே விட்டார்.

கொஞ்ச நேரத்தில் சித்தி அம்மாவின் கையைப் பிடித்தபடி வெளியே வந்தார். அப்பா சித்தியிடம் சுகம்கூடக் கேட்கவில்லை.

"உமக்கு டொச் தெரியுமோ?" என்று அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றார்.