பாதி மலையில் ரெஜினா அக்கா

செவ்வாய்க்கிழமை காலை சிட்னியில் செவன் ஹில்ஸ் ஸ்டேஷனில் நின்றுகொண்டிருந்தபோது ரெஜினா அக்காவின் மகள் ஷெரின் அழைத்தாள். "அங்கிள், அம்மா போயிட்டா" என்றாள். அக்காவுக்கு உடம்பு முடியாமல் இருந்தது எல்லோருக்கும் தெரிந்ததுதான். இருந்தாலும் என் ரயில் வந்து, கதவு திறந்து, மூடிப் போய்விட்டது, நான் ஏறவில்லை. அடக்கம் வெள்ளிக்கிழமை என்றாள். பிறகு சர்ச்சில் திரையில் போட ஒரு படம் கேட்டாள். "பூட்டானில அந்தப் புலிக் கோயிலில அம்மா நிக்கிற படம் ஒண்டு தாங்கோ அங்கிள். நீங்கள்தானே எல்லாம் எடுத்தனீங்கள்."

தேடிப் பார்க்கிறேன் என்றேன். அப்படி ஒரு படம் கிடையாது என்று எனக்கு அப்போதே தெரியும்.

அக்காவைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மன்னாரில் பிறந்த கத்தோலிக்கர். சிட்னிக்கு வந்து முதியோர் இல்லத்தில் பல வருடம் வேலை பார்த்தார். கூட வேலை செய்த பூட்டான் பெண் ஒருத்தி தங்கையின் கல்யாணத்துக்கு அழைக்க, அக்கா போய்ப் பத்து நாள் ஒரு கிராமத்துச் சமையலறையில் வெங்காயம் உரித்துவிட்டுத் திரும்பினார். மலையேற நாள் மிஞ்சவில்லை. வந்த கையோடு வேலையை விட்டார். வென்ட்வேர்த்வில் ஸ்டேஷன் அருகே மளிகைக் கடை ஒன்றின் மாடியில் சின்ன அறை எடுத்து, நம் ஆட்களைப் பூட்டானுக்கு அழைத்துப் போகத் தொடங்கினார். ஊரே சிரித்தது. சென்னையிலிருந்து வந்த கம்ப்யூட்டர்காரனான நானும் சிரித்துக்கொண்டேதான் முதல் குழுவில் பெயர் கொடுத்தேன். அடுத்த வருடத்திலிருந்து லீவு போட்டு அவருக்கு உதவியாகப் போனேன். ஒன்பது முறை போயிருக்கிறோம்.

பயணத்துக்கு முந்தைய மாதம் ஹோம்புஷில் ஒரு ஹாலில் கூட்டம் நடக்கும். வருடா வருடம் அதே கேள்விகள். சோறு கிடைக்குமா என்பதுதான் முதலில் வரும். எனக்குச் சலித்துவிடும், அக்காவுக்குச் சலித்ததே இல்லை. சிவப்பரிசிச் சோறு உண்டு, பாலாடைக்கட்டியில் வேகவைத்த முழு மிளகாய் உண்டு என்பார். "அங்க மிளகாய் உறைப்புக்குப் போடுறேல்லை, அதுதான் கறி." விமானம் மலைகளுக்கு நடுவே வளைந்து இறங்கும், பயந்தவர்கள் ஜன்னல் பக்கம் கேட்க வேண்டாம், முதல் நாள் மெதுவாக நடக்க வேண்டும், தூபியை வலமாகச் சுற்ற வேண்டும், எதையும் விரல் நீட்டிக் காட்டாமல் முழுக் கையால் காட்ட வேண்டும். இதையெல்லாம் அன்றுதான் கண்டுபிடித்தவர் போலச் சொல்வார்.

ஒரு முறை யாழ்ப்பாணத்து அன்ரி ஒருவர் எழுந்து, போரில் தன் குடும்பம் பட்டதற்கெல்லாம் பிறகு புத்தர் கோயிலில் தன்னால் கும்பிட முடியாது என்றார். அக்கா ஒரு நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். "கும்பிட வேண்டாம் அன்ரி. ஒராளின்ர வீட்டுக்குள்ள போறம், சப்பாத்தைக் கழட்டுவம். அவ்வளவும் காணும்." அந்த அன்ரி வந்தார். அடுத்த வருடம் தங்கையையும் கூட்டி வந்தார்.

பாரோ பள்ளத்தாக்குக்கு மேலே செங்குத்துப் பாறையில் இருக்கும் மடத்தைத்தான் நம் ஆட்கள் புலிக் கோயில் என்கிறார்கள். பாதி வழியில் ஒரு தேநீர்க்கடை. அங்கே வரும்போது யாராவது ஒருவருக்கு முழங்கால் விட்டுப்போகும், அல்லது மூச்சு முட்டும். கடைசி ஆளைத் தனியே விடக் கூடாது என்பது அக்காவின் சட்டம். சட்டம் போட்டவரும் அவர்தான், ஒவ்வொரு வருடமும் அதற்காகக் கீழே தங்கியவரும் அவர்தான். நான் முன்னால் போகிறவன். வேகமாக நடப்பேன், அது ஒன்றுதான் என் தகுதி.

இறங்கி வந்ததும் அக்கா என்னைப் பிடித்துக்கொள்வார். அருவிக்குப் பிறகு படிகள் எப்படி, பையை எங்கே வாங்கி வைக்கிறார்கள், உள்ளே தரை எவ்வளவு சில்லென்று இருக்கிறது, வெண்ணெய் விளக்கு என்ன வாசம், எல்லாவற்றையும் கேட்டு நோட்டில் எழுதுவார். அடுத்த கூட்டத்தில் அவர் அதைச் சொல்லும்போது, போய்வந்த எனக்கே மறுபடி அங்கே நிற்பது போல இருக்கும். அவர் அங்கே கால் வைத்ததில்லை என்று யாருக்கும் தோன்றியதில்லை. நானும் சொன்னதில்லை.

கடைசிப் பயணத்தில் ஏறுவதற்கு முந்தின மாலை என்னிடம் வந்தார். "தம்பி, இந்த முறை நான் மேல போறன். நீர் கீழ நில்லும்." சரி அக்கா என்றேன். மறுநாள் தேநீர்க்கடையில் ஓய்வுபெற்ற எஞ்சினியர் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பயப்பட ஒன்றுமில்லை, களைப்புதான். குழுவின் இளைஞர்கள் படம் எடுக்க என்னைக் கூப்பிட்டார்கள். இவர்களை மடத்துக்கு நேரெதிரே இருக்கும் பாறை வரை விட்டுவிட்டு வந்துவிடுகிறேன், அப்புறம் நீங்கள் போங்கள் என்று அக்காவிடம் சொன்னேன். எதிர்ப்பாறைக்குப் போனதும் இன்னும் கொஞ்ச தூரம்தானே என்று தோன்றியது. படியிறங்கி, பாலம் தாண்டி, உள்ளேயே போய்விட்டேன். எட்டு முறை பார்த்த இடம். எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை.

திரும்பும்போது வெயில் சாய்ந்திருந்தது. அக்கா எஞ்சினியருக்குத் தன் சால்வையைப் போர்த்திவிட்டு அவர் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம். நோட்டைத் திறந்துகொண்டு, "என்ன புதுசா இருக்கு, சொல்லும்" என்றார். நானும் வெட்கமில்லாமல் சொன்னேன். எழுதிக்கொண்டார். அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ஊர் திரும்பி நான்கு மாதத்தில் நோய் தெரிந்தது.

வியாழக்கிழமை மதியம் ஷெரின் வீட்டுக்குப் போனேன். மூன்று நாளாக இரங்கல் செய்திகளுக்குப் பதில் எழுதி அலுத்துப்போயிருந்தேன். பொய் சொல்லக்கூடத் தெம்பில்லை. "படம் இல்லம்மா. அம்மா ஒரு தடவை கூட மேல போனதில்ல. கடைசியா போகணும்னு கேட்டாங்க. நான்தான் கெடுத்தேன்."

"எங்களுக்கு எல்லாம் சொல்லியிருக்கிறா அங்கிள். விளக்கு, தரை, எல்லாம்" என்றாள் ஷெரின். அதெல்லாம் நான் சொன்னது என்றேன். அவள் என்னை மன்னித்தாளா, தெரியாது. தேநீர்க்கடையில் அக்கா யாருக்கோ தேநீர் ஊற்றுகிற படம் ஒன்று என் கைப்பேசியில் இருந்தது. அதை அனுப்பச் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை வேலை நாள். என்னோடு மேலே வந்தவர்களில் பாதிப் பேர் செய்தி அனுப்பியதோடு சரி. வந்திருந்தவர்கள் பெரும்பாலும் பாதி மலையில் அக்காவோடு உட்கார்ந்தவர்கள். சர்ச்சில் பூசை முடிந்து கல்லறைத் தோட்டத்தின் ஏற்றத்தில் பெட்டி முன்னால் போக, அவர்கள் தடியூன்றிப் பின்னால் வந்தார்கள். எஞ்சினியர் எல்லோருக்கும் கடைசி. நான் பெட்டிக்குப் பக்கத்தில்தான் நடந்துகொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தேன். அவர் தனியாக நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். இறங்கிப் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "நீங்க போங்க தம்பி, பெட்டிய இறக்கிடுவாங்க" என்றார். இருக்கட்டும், மெதுவாகப் போவோம் என்றேன். இரண்டு இடத்தில் நின்றோம். போய்ச் சேர்ந்தபோது பெட்டியை இறக்கிவிட்டிருந்தார்கள். ஒரு பிடி மண் போட மட்டும் நேரம் இருந்தது.

போய் வாருங்கள், அக்கா.