வெளியே வராத ஒயர்

தனபாக்கியத்துக்கு உட்காரத் தெரியாது. பஸ்ஸில் இடம் காலியாக இருந்தாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வருவாள். முன்பு ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தோல் ஒட்டும் பிரிவில் இருந்தாள். சொல்யூஷன் பசையைத் தடவினால் அது கொஞ்சம் காய்ந்த பிறகுதான் ஒட்ட வேண்டும். அவளுக்கு அந்தப் பொறுமை கிடையாது. ஈரத்தோடு ஒட்டுவாள், பிரிந்துகொண்டு திரும்பி வரும். "இவளுக்கு டீ வாங்கிக் குடுத்தா வாய் வெந்து சாவா" என்பார் சூப்பர்வைசர்.

அந்த நெடியில் தலைவலி தீராமல் போகவே வேலையை விட்டாள். வேலூரில் நோயாளிகளை வீட்டோடு இருந்து கவனிக்கும் பயிற்சி எடுத்தாள். படுத்திருப்பவரைப் புரட்டுவது, புண் வராமல் காப்பது, நெபுலைசர் வைப்பது, மூச்சுச் சத்தத்தைக் கேட்டே நிலைமையைச் சொல்வது எல்லாம் அங்கே கற்றதுதான். உட்கார மட்டும் அங்கேயும் கற்றுக்கொள்ளவில்லை. ராணிப்பேட்டையில் வேலை பார்த்துவிட்டு வாரக் கடைசியில் வீட்டுக்கு வரும் கணவன் முத்துக்குமார், "உன்னை வெச்சு மோட்டாரே ஓட்டலாம்டி" என்பான்.

இப்போது ஆம்பூரிலேயே அவள் கவனிப்பது அக்தர் பானுவை. எழுபதைத் தாண்டியவர், கடும் ஆஸ்துமா. போன தடவை வேலூர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே மூச்சு திணறித் திரும்ப அட்மிட் ஆனார். அறையில் தூசி. "இன்னொரு தடவை இப்படி ஆனா உடம்பு தாங்காது. வீட்டுல தூசி இல்லாம பார்த்துக்க முடியுமா?" என்று டாக்டர் கேட்டபோது மகன் நயீம் அகமது வாயைத் திறப்பதற்குள், "நான் பார்த்துக்கறேன், கூட்டிக்கினு வாங்க" என்று சொன்னவள் தனபாக்கியம்.

அவர் வீடு திரும்பும் நாள் வந்துவிட்டது. காலையில் அறையைத் திறந்தவள் அப்படியே நின்றாள். பக்கத்து வீட்டுச் சுவரில் பட்டி பார்த்துத் தேய்த்திருக்கிறார்கள். யாரோ ஜன்னலைச் சாத்த மறந்திருக்கிறார்கள். மெத்தை, தலையணை, தரையில் ஆணியடித்து விரித்த கம்பளம், எல்லாவற்றின் மேலும் கோலமாவு சலித்த மாதிரி வெள்ளைத் தூசி. தரையென்றால் ஈரத்துணி போதும். மெத்தையையும் கம்பளத்தையும் தட்டினால் தூசி எழுந்து மறுபடியும் அங்கேயேதான் உட்காரும். கீழ்த்தளத்தில் படுக்கும் அறை அது ஒன்றுதான். அக்தர் பானுவால் மாடி ஏற முடியாது.

"சஹரு, அந்த வேக்குவம் மிஷினை எடு" என்றாள்.

நயீமின் மனைவி சஹர் அதை உருட்டிக்கொண்டு வந்தாள். தனபாக்கியம் பிளக்கைப் பிடித்து இழுத்தாள். ஒரு ஜாண் ஒயர் வந்தது, நின்றது. இன்னும் இழுத்தாள். மிஷினே அவள் பின்னால் வந்ததே தவிர ஒயர் வரவில்லை.

"பெடலை மிதிச்சிக்கினே இழுங்கக்கா."

மிதித்தாள். உள்ளே டக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். கொஞ்சம் உள்ளே விட்டு வெடுக்கென்று இழுத்தும் பார்த்தாள். அசையவில்லை.

"போன வாரம் நல்லாதானே இருந்துச்சு?"

சஹர் தலையைச் சொறிந்தாள். "கட்டில் கால்ல மாட்டி ஒயர்ல வெட்டு விழுந்துடுச்சுக்கா. அவருதான் சரி பண்ணாரு."

"எதை வெச்சு?"

"எதை வெப்பாரு? ஷூ கம்பெனிச் சொல்யூஷனும் லைனிங் தோலும்."

இந்த ஊரில் அறுந்த பையும் உடைந்த பக்கெட்டும் கழன்ற கண்ணாடிக் காதும் சொல்யூஷனில்தான் பிழைத்துக்கொண்டிருக்கின்றன. நயீமும் வெட்டின் மேல் தோலைச் சுற்றி ஒட்டி, காயும் முன்பே பெடலை மிதித்து ஒயரை உள்ளே அனுப்பிவிட்டிருக்கிறான். அது சுருளுக்குள் போய் அடுத்த சுற்றோடு ஒட்டிக்கொண்டது.

போன் அடித்தது. நயீம்தான். "அக்கா, டிஸ்சார்ஜ் ஆயிட்டோம். விரிஞ்சிபுரம் தாண்டியாச்சு."

"இன்னாத்துக்கு இவ்ளோ அவசரமா வர்றே? மெதுவா வா. நீ ஒட்டுன ஒட்டு மிஷினையே புடிச்சிக்கினு இருக்குது."

"என் ஒட்டு அவ்ளோ ஸ்ட்ராங்கா?" என்றான் நயீம் பெருமையாக.

"போனை வெச்சிட்டு ரோட்டைப் பாரு!"

தெருவில் வேறு யாரிடமும் இந்த மிஷின் கிடையாது. ரிப்பேர் ஆள் நாளைக்குத்தான் வருவானாம். தனபாக்கியம் தையல் மிஷின் டப்பாவிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்து மிஷினைக் கவிழ்த்தாள். எல்லா ஸ்க்ரூவையும் கழற்றியும் மூடி வரவில்லை. நெம்பப் போனாள்.

"உடைச்சிடாதீங்கக்கா! அந்தச் சின்னச் சக்கரத்துக்குக் கீழ இன்னொண்ணு இருக்குது பாருங்க."

இருந்தது. அதையும் கழற்றியதும் மூடி தானாக வந்தது. உள்ளே சாப்பாட்டுத் தட்டு அகலத்தில் ஒரு ராட்டினம், அதில் ஒயர் சுற்றியிருந்தது. மேல் சுற்றில் நயீமின் தோல் ஒட்டு, கருகின அப்பளம் போல் அடிச்சுற்றைக் கவ்விக்கொண்டிருந்தது.

நகத்தால் சுரண்டினாள். வரவில்லை. கம்பெனியில் தப்பாக ஒட்டினதைப் பிரிக்கச் சூடு காட்டுவார்கள். "தலை காய வைக்கிற மிஷின் இருக்குதில்ல, அதைக் கொண்டா."

சூடு பட்டதும் சொல்யூஷன் இளகி நூல் நூலாக வந்தது. தோலும் வந்தது, அதோடு ஒயரின் மேல்தோலும் உரிந்து உள்ளே செம்பு பளிச்சென்று தெரிந்தது.

"ஐயோ, இதுலயா கரண்ட்டு விடப் பாத்தோம்?" என்றாள் சஹர்.

போன் அடித்தது. "பள்ளிகொண்டா டோல்கேட்டுல நிக்கிறோம். அம்மாவுக்குப் பேசணுமாம்."

அக்தர் பானுவின் குரல் மூச்சுக்கு நடுவே விட்டுவிட்டு வந்தது. "தனபாக்கியம்... இன்னா பண்றே? உக்காந்திருக்கியா?"

"உக்காந்துதான் இருக்கேன் பீபிம்மா." தரையில் மிஷினுக்கு முன்னால் அவள் உட்கார்ந்திருந்தது உண்மைதான்.

"பொய்யி" என்றதோடு போன் அணைந்தது.

வெட்டு விழுந்த இடம் பிளக்கிலிருந்து ஒரு முழத்தில்தான் இருந்தது. அந்தத் துண்டையே வெட்டி எறிந்துவிட்டு வேறு பிளக் மாட்டினால் போதும். பழைய இஸ்திரிப் பெட்டியின் பிளக்கைக் கழற்றினார்கள். சஹரின் அப்பா வாணியம்பாடியில் எலெக்ட்ரிக் கடை வைத்திருப்பவர். அவளே ஒயரைச் சீவி, முறுக்கி, மாட்டினாள். அவ்வளவு நேரமும் தனபாக்கியம் அவள் தலைக்கு மேல் நின்று, "ஆச்சா? ஆச்சா?" என்றாள்.

"நீங்க தள்ளி நின்னாலே பாதி வேலை முடியும்க்கா."

தள்ளி நின்றவளின் கை சும்மா இருக்கவில்லை. ராட்டினம் சுற்றுகிறதா பார்க்கலாமென்று அதைத் தடுத்திருந்த கட்டையை நகர்த்தினாள். விர்ரென்று அது பேயாய்ச் சுழன்று நின்றது. உள்ளிருந்த ஸ்பிரிங்கின் முறுக்கு முழுக்கப் போய்விட்டது. இழுத்தால் ஒயர் வரும், பெடலை மிதித்தால் இனி உள்ளே போகாது.

"பேஜாரு!" தனபாக்கியம் மறுபடி மிஷின்மேல் குனிந்தாள். ராட்டினத்தைக் கையால் திருப்பி முறுக்கேற்றப் பார்த்தாள். பாதியில் வழுக்கி அவள் விரலை அடித்தது. மறுபடி திருப்பினாள், மறுபடி அடித்தது. "இரு, இதை ஒரு கை பாக்காம விடமாட்டேன்."

"மாதனூர் வந்துட்டாங்கக்கா!" சஹர் போனை ஆட்டிக்கொண்டே கத்தினாள். "இப்ப நமக்கு ஒயரு உள்ள போணுமா, வெளிய வரணுமா?"

தனபாக்கியம் நிமிர்ந்து பார்த்தாள்.

"வெளிய வந்துடுச்சில்ல? இன்னும் இன்னாத்துக்கு அதோட மல்லுக்கட்டறீங்க?"

தனபாக்கியம் ராட்டினத்தை விட்டாள். மூடியை வைத்து ஸ்க்ரூக்களை முடுக்கினாள். ஒயர் முழுவதையும் வெளியே இழுத்துப் போட்டாள். சஹர் சுவிட்சைப் போட்டதும் மிஷின் உறுமியது. மெத்தையின் இரண்டு பக்கம், தலையணை, திரைச்சீலை, கம்பளம் முழுதும், கட்டிலின் அடி என்று இழுத்துக்கொண்டே போனாள். சஹர் பின்னாலேயே ஈரத்துணியால் துடைத்தாள். மிஷினின் பை நிரம்பி வழிய, தெருமுனைக் குப்பைத் தொட்டிவரை போய்க் கொட்டிவிட்டு வந்து இரண்டாவது முறையும் இழுத்தாள். ஜன்னலைச் சாத்திக் கொக்கி போட்டாள். புது விரிப்பை உதறாமல் மெல்ல விரித்தாள்.

வாசலில் கார் நின்றது. நயீம் அம்மாவைத் தாங்கி அழைத்து வந்தான். கூடத்தில் கிடந்த ஒயர் அவன் காலைத் தட்டியது.

"இன்னாக்கா இது? பெடலை மிதிச்சா உள்ள போயிடுமே?"

"போவாது. இனிமே நீதான் கையால சுத்தி வைக்கணும். ஒட்டுனவனுக்குத் தண்டனை."

அக்தர் பானு கட்டிலில் உட்கார்ந்தார். படியேறி வந்த இரைப்பு இருந்தது. தனபாக்கியம் பின்னால் போய் அவர் முதுகில் காதை வைத்தாள். போன முறை இந்தக் கட்டிலில் உட்கார்ந்ததுமே உள்ளே விசில் கிளம்பியது, இருமல் பிடித்துக்கொண்டது, ராத்திரிக்குள் ஆம்புலன்ஸ் வந்தது. காதை எடுக்காமல் காத்திருந்தாள். இரைப்பு மெல்ல அடங்கியது. அடியில் வழக்கமான கரகரப்பு மட்டும் இருந்தது. இருமல் வரவில்லை.

"எவ்ளோ நேரம்டி முதுகுல ரேடியோ கேப்பே?" என்றார் அக்தர் பானு.

"விசில் வருதான்னு பாக்கறேன் பீபிம்மா."

"வருதா?"

"இல்ல."

"அப்ப தலையணையை வெச்சி என்னைச் சாய்ச்சி விடு."

சாய்த்துவிட்டாள். நயீம் கூடத்தில் ஒயரை முழங்கைக்கும் கட்டைவிரலுக்குமாக முணுமுணுத்துக்கொண்டே சுற்றிக்கொண்டிருந்தான். சஹர் டீ கொண்டுவந்து நாற்காலி ஒன்றையும் இழுத்துப் போட்டாள். தனபாக்கியம் டம்ளரை வாங்கிக்கொண்டு நின்றபடியே குடித்தாள். அவள் கண் அக்தர் பானுவின் நெஞ்சு ஏறி இறங்குவதிலேயே இருந்தது. அவர் கண் அசந்த பிறகு நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தாள்.