விமானம் கடக்கும்வரை

தாழப் பறந்த விமானத்தின் சத்தத்தில், திருத்திக்கொண்டிருந்த விடைத்தாளிலிருந்து பேனாவை எடுத்தேன். என் வகுப்பில் பாதிப் பேர் பின்ன வகுத்தலைத் தப்பாகப் போட்டிருந்தார்கள். எரிச்சலாக வந்தது.

இரண்டாயிரத்து நான்கில், இதே பொழிச்சலூர் வீட்டில், கணக்கு டீச்சரான அம்மாவும் இப்படித்தான் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்திருந்தாள். பிறகு என்னைக் கூப்பிட்டாள்.

"கிளாஸ்ல எடுத்ததை அப்படியே எடுக்கறேன். புரியலைன்னா நிறுத்து."

"ஏம்மா ரெண்டாவது பின்னத்தைத் தலைகீழாப் போடறே?"

ஒரு விமானம் கடந்துபோனது. சத்தம் அடங்கியதும் அம்மா சிவப்புப் பேனாவைக் கீழே வைத்தாள்.

"அதை நான் கிளாஸ்ல சொல்லவே இல்லடி," என்றாள்.

மறுநாள் வகுப்பில் தன் தவறைச் சொல்லிவிட்டு, பாடத்தை முதலிலிருந்து எடுத்தாள்.

நல்லவேளை, அம்மா இன்னும் என்னோடுதான் இருக்கிறாள். எதிரில் உட்காரவைத்துப் பாடத்தை ஆரம்பித்தேன்.

இரண்டாவது வரியிலேயே கையைத் தூக்கினாள்.