கருவண்டின் பின்வாசல்

தீவுகளில் விவசாய ஆலோசனை சொல்வது, எல்லோரும் தலையாட்டிக் கேட்டுவிட்டுத் தங்கள் பாட்டில் நடக்கும் ஓர் உத்தியோகம். நீங்களும் அப்படி ஒன்றில் மாட்டியிருந்தால் என் கதை விளங்கும். இது நயினாதீவில் நடந்தது.

களவு

பரமேஸ் அக்காவின் வளவில் மணி வடிவில் மஞ்சள் பூப் பூக்கும் மரம் ஒன்று நின்றது. காலமான கணவர் நட்டது. மரம் பட்டுக்கொண்டு வந்தது. கொம்பு வெட்டி நட்டும் வேர்விடவில்லை. விதை எடுக்கலாமென்றால் காயே இல்லை.

அக்கா கூப்பிட்டுப் போய், இரண்டு பேரும் பூக்களைப் பார்த்துக்கொண்டு நின்றோம். ஒரு கருவண்டு வந்து பூவுக்குள் போகாமல் அடியில் துளை போட்டுத் தேனைக் குடித்தது. மகரந்தத்தில் முட்டவேயில்லை. பிறகு வந்த தேனீ, வெறும் பூவென்று திரும்பிப் போனது. மகரந்தம் சேராததால்தான் காயில்லை என்று அக்காவுக்கு விளக்கினேன்.

"அப்ப களவெடுக்கிறது இவர், பழி என்ர மரத்துக்கோ?"

மருந்து

அடுத்த வீட்டுச் சிவம் அண்ணை உதவிக்கு வந்தார். என்னைக் கேட்காமலே பூச்சிமருந்து அடித்துவிட்டார். மரத்தடி முழுக்கத் தேனீக்கள் செத்துக் கிடந்தன. கருவண்டு கொஞ்ச நாளில் திரும்பி வந்தது. எனக்குக் கோபம் வந்தாலும் அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"கள்ளனுக்குத்தான் அடிச்சனான் தம்பி, சாட்சிக்காரரும் செத்துப்போச்சினம்."

நல்ல பூ

மழைக்குப் பிறகு தேனீக்கள் வந்தன. ஆனால் அவையும் வண்டு போட்ட துளையாலேயே மிச்சத் தேனைக் குடிக்கப் பழகிவிட்டன. துளையில்லாத பூவுக்குள் மட்டும்தான் முறையாக நுழைந்தன. அந்தப் பூக்களையோ அக்கா விடியமுதல் பறித்து அம்மன் கோயிலுக்கு அனுப்பிவிடுவார். கணவர் இருந்த காலத்து நேர்த்திக்கடன் அது. பூச்சி கடித்த பூ பூசைக்கு ஆகாதென்று துளை விழுந்ததை மட்டும் மரத்தில் விடுவார்.

"ஒரு கொப்புப் பூவையாவது விடுங்கோ அக்கா" என்று கெஞ்சினேன்.

"ஓட்டைப் பூவை அம்மாளுக்கு வைக்கேலாது தம்பி. நல்லதை எனக்கெண்டு ஒளிக்கவும் ஏலாது."

பட்ட மரம்

அடுத்த கோடையில் மரம் பட்டுப்போனது. நான் போனபோது அக்கா அதை வெட்டவிடாமல் வைத்திருந்தார். காய்ந்த கொப்புகளில் இரண்டு பேரும் தேடினோம். ஒரு நெற்றும் இல்லை. இன்னும் கொஞ்சம் வற்புறுத்தியிருக்கலாமோ என்று இன்றைக்கும் மனம் அடித்துக்கொள்கிறது.

"நல்ல பூவெல்லாம் அம்மாளிட்டப் போயிட்டுது தம்பி. அவர் நட்டதிலை எனக்கு ஒரு விதையும் மிஞ்சேல்லை."

வண்டு பின்வாசலால் வந்தது, அக்கா விடியமுதல் வந்தார், இரண்டு பேருக்கும் நடுவில் நின்று ஆலோசனை சொன்னதற்குத்தான் எனக்குச் சம்பளம்.