கூல் ரூமும் வரிச் சலுகையும்

யுத்தம் முடிந்து கல்பிட்டிக் கடலில் தொழில் சூடு பிடித்திருந்த காலம். சிறு தொழில்களுக்கு உதவும் அரசாங்கக் கந்தோர் ஒன்றில் நான் கள உத்தியோகத்தர். ஒரு காலை மேலதிகாரி கூப்பிட்டார்.

“கூல் ரூம் கட்டுறவங்களுக்கு இனி மானியக் காசு இல்ல. செலவுல அதே பங்க வரியில கழிச்சு விடுறம். ரெண்டும் ஒண்டுதானே. போய்ச் சொல்லுங்க.”

ஐஸ் தொழிற்சாலை நடத்திய நவாஸ் ஹாஜியார் கூல் ரூம் ஒன்று கட்ட இருந்தார். அவருக்குச் சந்தோசம். “வருசா வருசம் வரி கட்டுறன். அதுல குறைஞ்சா காசு கையில வந்த மாதிரித்தான்.”

அடுத்து பள்ளிவாசல்துறை. அங்கே ஸ்டெல்லா சில பெண்களைச் சேர்த்து நண்டுச் சதை எடுத்துக் கொழும்புக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். லொறி பிந்தினால் சரக்குப் பழுது. கூல் ரூம் இல்லாவிட்டால் அடுத்த சீசனில் வேறு ஆளைப் பார்ப்பதாக வாங்குகிற கம்பனி சொல்லிவிட்டது. மோட்டார் சைக்கிளில் போகும்போதே எனக்கு உறுத்தியது. ஸ்டெல்லாவுக்கு இன்னும் வரி கட்டுமளவு வருமானமே இல்லை. இல்லாத வரியில் எதைக் கழிப்பது?

விஷயத்தைச் சொன்னேன்.

“எனக்கு ஒண்டுமில்ல எண்டு சொல்லவா இவ்வளவு தூரம் வந்தீங்க, சேர்?” என்று சிரித்தார். பிறகு நண்டை உடைக்கத் தொடங்கினார். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை.

நேரே ஹாஜியாரிடம் திரும்பினேன். “ரூமைப் பெரிசாக் கட்டுங்க, ஹாஜியார். சலுகையும் கூடும். பாதியை ஸ்டெல்லாவுக்கு வாடகைக்குக் குடுங்க.”

“வாடகையக் குறைக்கச் சொல்றீங்க, அதானே கத?”

“ஓம். கூடக் கிடைக்கிற சலுகையில குறைச்சா உங்களுக்கு நட்டமில்ல.”

அவர் தாடியைத் தடவிக்கொண்டு யோசித்தார். “சரி. நண்டு மணம் என்ட ஐஸுல ஏறாமப் பாத்துக்கச் சொல்லுங்க.”

சீசனுக்கு முன்பே அறை தயாரானது. திறப்பு நாளில் ஹாஜியார் எல்லோருக்கும் பலூடா கொடுத்துப் பெருமையாகச் சொன்னார்: “அரசாங்கத்துட்ட ஒரு சதமும் வாங்காமக் கட்டின ரூம் இது.”

“அப்ப வரிக் கந்தோருக்கும் அப்பிடியே சொல்லுங்க, ஹாஜியார்,” என்றார் ஸ்டெல்லா.

முதலில் சிரித்தது ஹாஜியார்தான்.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். மானியமாகக் கொடுத்தாலும் வரியில் விட்டாலும் அரசாங்கத்தின் கையை விட்டுப் போகிற காசு ஒன்றுதான். வாங்குகிறவருக்கும் ஒன்றா என்பதை, அவர் வரி கட்டுகிறவரா என்று கேட்ட பிறகு சொல்லுங்கள்.