பாலத்துக்கு அடியில் தூங்குகிறவர்

பேய், பிசாசு, சாமி, ஆசாமி எதையும் நம்பாத ஆள் நான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் நீங்கள் சிரித்தாலும் பரவாயில்லை. என் அப்பா கருப்புச் சட்டைக்காரர், அமாவாசையாகப் பார்த்து மீன் வாங்கி வந்து குழம்பு வைக்கச் சொல்வார், தெருவே மூக்கைப் பிடித்துக்கொள்ளும். அந்த வீட்டில் வளர்ந்தவன்தான் இதைச் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் ஃபிட்டர் வேலை எனக்கு. ஜப்பானிலிருந்து புது மெஷின் ஒன்று வந்து இறங்கியது, அதை ஓட்டிப் பழக்க மோரி என்று ஒரு பெரியவரும் வந்தார். அவருக்குத் தெரிந்த இங்கிலீஷையும் எனக்குத் தெரிந்த இங்கிலீஷையும் கூட்டினால் ஒரு தபால் கார்டு நிரம்பாது, ஆனாலும் நாள் முழுக்கப் பேசிக்கொண்டிருப்போம். அது எப்படி என்று மட்டும் கேட்காதீர்கள்.

மெஷினை விட அவர் கொண்டுவந்த தடிதான் எங்களுக்கு வேடிக்கை. ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவான வெள்ளை மரத்தடி. மேனாம்பேட்டில் இருந்த கெஸ்ட் ஹவுஸிலிருந்து தினமும் அதை ஊன்றிக்கொண்டு நடந்தே வருவார். வந்ததும் குழாயடிக்குப் போய் தடியின் அடி நுனியைக் கழுவித் துடைத்து, மூலையில் மரியாதையாக நிற்கவைத்துவிட்டுத்தான் தன் ஷூவைக் கழற்றுவார்.

"இன்னா சார், தடிக்குப் போய் கால் கழுவி வுடுறீங்க?" என்றேன்.

"நோ ஸ்டிக். தைஷி" என்றார்.

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விஷயம் புரிந்தது. அவர்கள் ஷிங்கோன் என்கிற பௌத்தப் பிரிவாம், மந்திரம், முத்திரை, அக்கினி வளர்ப்பது எல்லாம் உண்டாம். ஜப்பான்காரர் வாயில் 'ஓம்' என்று ஆரம்பிக்கும் மந்திரத்தைக் கேட்டதும், அடக் கஷ்டமே, அங்கேயும் போய்விட்டார்களா என்றுதான் எனக்குத் தோன்றியது. அவர்களுடைய குருவைத்தான் தைஷி என்கிறார்கள். ஆயிரத்துச் சொச்சம் வருடத்துக்கு முன்னால் ஒரு மலையில் தியானத்தில் உட்கார்ந்தவர் இன்னும் எழுந்திருக்கவில்லையாம், சாகவும் இல்லையாம், இன்றைக்கும் அவருக்கு வேளை தவறாமல் சாப்பாடு போகிறதாம். நம் ஊர் ஜீவசமாதி மாதிரி. அப்படி உட்கார்ந்திருந்தாலும், தடி ஊன்றி நடக்கிற பக்தனோடு கூடவே அவரும் நடப்பாராம், அந்தத் தடியே அவர்தானாம். அதனால் தனியாகப் போகிறவனும் தனி ஆள் இல்லை, இரண்டு பேர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வானகரத்தில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டிப் போனேன். கூவம் பாலம் வந்ததும் தடியைத் தூக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பூனை மாதிரி நடந்தார். தைஷி ஒருமுறை இடம் கிடைக்காமல் குளிரில் பாலத்துக்கு அடியில் படுத்தாராம், இப்போதும் எந்தப் பாலத்தடியிலாவது தூங்கிக்கொண்டிருக்கலாம், தட்டினால் முழித்துக்கொள்வார் என்றார். கூவத்தில் படுத்தால் உங்கள் தைஷிக்கு மலேரியாதான் வரும் என்று கைஜாடையில் சொன்னேன், கோபிக்காமல் விழுந்து விழுந்து சிரித்தார். தங்கமான மனிதர்.

அந்த ஐப்பசியில் பேய்மழை. சாயங்காலம் நான்கு மணி இருக்கும், கம்பெனிக்கு போன் வந்தது, என் மனைவி சரசு பக்கத்துக் கடையிலிருந்து அழுகிறாள். "யோவ், பாப்பா இன்னும் ஊட்டுக்கு வர்லய்யா. மழைன்னு இஸ்கோல மத்தியானமே வுட்டுட்டாங்களாம். தெருவெல்லாம் தேடிட்டேன்."

பாப்பா என்றால் எங்கள் ஒரே பெண் அரசி, ஆறு வயசு. என் முகத்தைப் பார்த்ததுமே மோரிக்குப் புரிந்துவிட்டது, ஓடிப்போய்த் தடியை எடுத்து வந்து என் கையில் திணித்தார். "டூ பீப்பிள். கோ" என்றார். மறுத்துப் பேச ஏது நேரம்?

முழங்கால் தண்ணீரில் சைக்கிள் நகரவில்லை, வழியிலேயே போட்டுவிட்டு நடந்தேன். பாலத்துக்கு வந்தபோது கூவம் இரண்டு கரையும் முட்டிக்கொண்டு போகிறது. கைப்பிடிச் சுவரோரம் நின்ற ஒரு அம்மாவிடம் குழந்தையைப் பார்த்தீர்களா என்று கேட்டேன்.

"கொய்ந்தைய பாக்கலப்பா. ஒரு செவப்புக் கொடைதான் அடிச்சிக்கினு போச்சு."

அரசியின் குடை சிவப்பு.

அதற்கப்புறம் நான் செய்ததைச் சொல்ல இப்போதும் வெட்கமாக இருக்கிறது. தடியை ஓங்கி ஓங்கிப் பாலத்தில் அடித்தேன். "யோவ்! தூங்குறியா? ஆயிரம் வருசம் தூங்குனது பத்தலியா உனுக்கு? எம் பொண்ணு எங்கய்யா? எய்ந்து வாய்யா!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். மாரியாத்தாளையே திட்டித் தீர்க்கிற ஊர் நம்முடையது, ஆனால் நம்பாதவன் ஒருவன் திட்டினது அன்றைக்குத்தான். அந்த அம்மா பயந்துபோய் ஒதுங்கிவிட்டார்.

அழுதுகொண்டே பாலத்தைத் தாண்டினேன். தாண்டியதும் நான் தினமும் டீ குடிக்கிற பாய் கடை. நம்பினால் நம்புங்கள், பெஞ்சில் உட்கார்ந்து அரசி பன்னைப் பாலில் தோய்த்துத் தின்றுகொண்டிருக்கிறாள்.

பாய் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னாபா, இப்பத்தான கொய்ந்தைய உக்கார வெச்சிட்டுப் போனே, அதுக்குள்ள இப்டி தெப்பலா நனஞ்சிட்டு வந்து நிக்கிறே?"

"நானா?"

"பின்ன, உங்க மாமனாரா? 'பாய், பாப்பாவுக்கு ஒரு பன்னு குடுங்க, வந்து கூட்டிக்கினு போறேன்'னு சொன்னது யாரு? இந்த மழைல உன் சட்டைல ஒரு சொட்டு ஈரம் இல்ல, அதான் எனுக்கே அதிசயமா இருந்துச்சி."

எனக்கு எதுவும் காதில் ஏறவில்லை. "எங்கடி போய்த் தொலைஞ்சே?" என்று முதுகில் ஒன்று வைத்தேன், அடுத்த நொடி கட்டிப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதேன். அவள் திருதிருவென்று விழித்தாள். "கொட பறந்துடுச்சு நைனா. புடிக்கலாம்னு தண்ணிகிட்ட எறங்குனேன். அப்ப நீதான வந்து கையப் புடிச்சி இஸ்தே?"

மறுநாள் மோரியிடம் தடியைக் கொடுத்து, பாலத்தில் அடித்ததையும் மறைக்காமல் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். "பேபி ஓகே?" என்று மட்டும் கேட்டார். ஓகே என்றதும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். மழைக்காலம் முடிந்து ஊருக்குப் போய்விட்டார்.

எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. அரசிக்குக் கல்யாணமாகி, ஐயப்பன்தாங்கலில் இருக்கிறாள், வாரம் தவறாமல் பேரனைத் தூக்கிக்கொண்டு வருவாள், வீடு கலகலவென்று இருக்கும். நான் இன்றைக்கும் எந்தக் கோயிலுக்கும் போவதில்லை. என் ஜாடையில் எவனோ நல்லவன் அந்தப் பக்கம் போயிருப்பான் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன், பாதி நாள் அது செல்லுபடியாகும்.

போன பொங்கலுக்கு வந்தபோது, பேரன் டம்ளரைப் போட்டு உடைத்தான் என்று நான் அவனை ஒரு அதட்டு அதட்டினேன். அரசி சிரித்துக்கொண்டே சொன்னாள்: "நைனா, அன்னிக்கு மொதல்ல வந்தியே, அப்ப நீ திட்டவே இல்ல தெரியுமா? தலையத் துவட்டி வுட்டே, 'பயந்துட்டியா கண்ணு'ன்னு கேட்டே. ரெண்டாவதா வந்தப்பதான் அடிச்சே. அந்த மாதிரி அப்புறம் நீ ஒரு வாட்டிகூட வர்லியே, ஏன் நைனா?"

நான் குனிந்து உடைந்த சில்லுகளைப் பொறுக்கினேன். அன்று ராத்திரி எல்லோரும் போன பிறகு, என் முகத்தோடு வந்து என் பெண்ணின் தலையைத் துவட்டிவிட்டுப் போன அந்த ஆள்மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது, இப்போதும் இருக்கிறது.