தராசில் ஏறிய சக்கரங்கள்

என் வாழ்க்கையில் நான் எடுத்த அறிவுள்ள முடிவுகளை எண்ண ஒரு கை போதும். அதிலும் நாலு விரல் மிச்சமிருக்கும். அந்த ஒரு முடிவு, கார் சக்கரம் மாற்றியது.

இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்யும் யூனிட் நடத்தும் எனக்கு, தொப்பை விழுந்த பிறகு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் மேல் ஆசை வந்தது. பழையதாக ஒன்று வாங்கி, முதல் வேலையாகப் பதினெட்டு அங்குல அலாய் வீல் மாட்டினேன். முகம் பார்த்துச் சவரம் செய்யலாம், அப்படியொரு பளபளப்பு. டயரோ அப்பளம் மாதிரி. டீக்கடை முன்னால் நிறுத்தினால் கூட்டம் கூடும். ஓட்டினால் முதுகெலும்பு ஆடும். ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ச் சேர்வதற்குள் என் மனைவி ஒவ்வொரு வேகத்தடைக்கும் ஒரு தெய்வத்தைக் கூப்பிட்டாள். திரும்பும்போது டவுன் பஸ்ஸில் ஏறிவிட்டாள். பஸ் புகையைக் குடித்தபடி பின்னாலேயே வந்தேன்.

வீட்டில் தீர்ப்பு வந்தது: “இன்னொரு தடவ என் இடுப்பு நொந்துச்சு, வண்டிய வித்துரணும். ஆமா.”

மறுநாள் சக்கரக் கடைக்காரர் வேறொன்றை உருட்டிக் காட்டினார். பதினாறு அங்குலம், சாம்பல் நிறம், சோற்றுச் சட்டியின் மூஞ்சி. “பாக்க சுமாருதான் அண்ணாச்சி. ஆனா வெயிட்டு கெடையாது. டயரும் தடிமனா வரும், குலுக்காது.”

“எம்புட்டு வெயிட்டு?”

“அதெல்லாம் யாரு நிறுத்துப் பாத்தா?”

நிறுக்காமல் எதையும் நம்புகிறவன் எங்கள் தொழிலில் கிடையாது. என் பளபளப்பில் ஒன்றை டயர் கழற்றி, அவருடைய சட்டி ஒன்றையும் வாங்கிக்கொண்டு, இரண்டையும் யூனிட்டுக்குத் தூக்கிப்போய், துணி ரோல் நிறுக்கும் தராசில் ஏற்றினேன். எடை போடும் அக்கா முறைத்தார். “மொதலாளி, இத எந்தப் புண்ணுக்குக் கட்டப் போறிய?”

“என் மானத்துக்குத்தான்க்கா.”

அழகு பன்னிரண்டரை கிலோ. சட்டி ஏழரை. நாலு சக்கரத்துக்கும் சேர்த்து இருபது கிலோ பகட்டை, தொப்பை கணக்கில் சேராமல், சுமந்து திரிந்திருக்கிறேன்! பளபளப்பை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டுச் சட்டிகளை மாட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை மனைவி கைப்பிடியை இறுக்கிப் பிடித்து உட்கார்ந்தாள். முதல் வேகத்தடையில் வண்டி பூனை மாதிரி ஏறி இறங்கியது. ஆக்சிலேட்டரை மிதித்தேன், முன்னால் போன பஞ்சு லாரி பின்னால் போனது. மூன்றாவது வேகத்தடையில் கைப்பிடியை விட்டுவிட்டாள். ஸ்ரீவில்லிபுத்தூர் வந்ததும் ஓரங்கட்டி, “எறங்கலையா?” என்றேன், பயத்தோடு.

“எறங்கி என்ன செய்ய? அப்படியே மதுரைக்கு விடுங்க.”

விட்டேன். எதிரே ஒரு வண்டியும் இல்லை. ஹாரனை மட்டும் நிறுத்தவே இல்லை.